திரைச்சீலை நிறத்தில் ஒரு விளக்கு

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வாழ்நாள் முழுவதும் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து சம்பாதித்தவர். ஸ்டியரிங் எப்போதும் வேறு யாரோ ஒருவர் கையில். இவருக்கென்று இருந்தது காலடியில் ஓர் உபரி பிரேக் மட்டும்தான். லாரியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்பவர்கள், இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பரைப் போடுபவர்கள், இடப்பக்கம் என்றால் ஆழ்ந்து யோசித்துவிட்டு வலப்பக்கம் போகிறவர்கள் என்று ஊரில் பாதிப் பேரை அந்த ஒரு பிரேக்கை வைத்தே கரைசேர்த்தார். பழக்கதோஷம், தியேட்டரில் கதாநாயகன் கார் ஓட்டினால்கூட இவருடைய வலது கால் தரையை அழுத்தும். ஆகவே ஸ்கூலை மூடியதும், தானே பிடித்துத் திருப்ப ஒரு சக்கரம் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. ஆசைப்பட்டு அவர் வாங்கியது ஒரு மோட்டார் படகு. அதில்தான் வீட்டில் சிக்கல் வந்தது.

“ஊருக்கெல்லாம் பிரேக் போட்டுட்டு, கடைசில பிரேக்கே இல்லாத வண்டிய வாங்கிட்டு வந்து நிக்கறீங்களே, உங்கள என்ன பண்றது?” என்றாள் மனைவி.

அவள் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். அறைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் மெத்தை விரிப்பைப் பார்த்து ஆகா என்பார்கள். அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிப்பாள். “மேல விரிச்சிருக்கறத யாரு வேணா விரிச்சிடலாம், அடியில காட்டு” என்பது வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பெண்ணும் அவளிடம் கேட்கும் முதல் பாடம். அப்படிப்பட்டவளை மாஸ்டர் ஒரு நாள் ஆசையாகப் படகுத்துறைக்கு அழைத்துப் போனார். அவள் ஒரு காலைத் தூக்கினாள், கீழே பார்த்தாள், தூக்கிய காலைத் திரும்பக் கரையிலேயே வைத்தாள்.

“தண்ணி மசி மாதிரி இருக்கு. அடியில என்ன இருக்குன்னு தெரியாத எடத்துல நான் கால வைக்க மாட்டேன்.”

“என்னம்மா இருக்கப் போவுது? தண்ணிதான்.”

“தண்ணிக்கு அடியில?”

மாஸ்டர் அன்று தனியாகவே ஒரு சுற்றுப் போய்வந்தார். அன்றிலிருந்து அவள் படகுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டாள். மாலையில் அவர் வீடு திரும்பினால், “என் சக்களத்தி வீட்டுல காப்பி குடுத்தாளா, இல்ல நான்தான் போடணுமா?” என்று கேட்பாள். மாஸ்டருக்கும் தனியாக ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டது. ஓட்டுகிறோம் சரி, பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இதற்கிடையில் வெளிநாட்டில் இருந்த மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. அம்மா துணைக்குப் போக வேண்டும். போனால் குழந்தை தவழும்வரை திரும்பமாட்டாள். அதற்குள் ஒரே ஒரு சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும் என்பது மாஸ்டரின் ஆசை. அதைக் கேட்டபோது அவள் ஒரு வார்த்தை விட்டாள். “அடி தெரிஞ்சா ஏறுறேன்.”

மாஸ்டர் நேராகப் படகுச் சாமான் கடைக்குப் போனார்.

அங்கே கல்லாவில் இருந்த கடைக்காரம்மா, கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, உள்ளே வட்டமாகச் சின்னச் சின்ன எல்.இ.டி. விளக்குகளை எரியவிட்டிருந்தார். படகின் பின்புறம், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வெளிப்பக்கமாகத் திருகுகிற விளக்குகள் அவை. வயர் உள்ளே போக மட்டும் சின்னதாக ஒரு துளை போட்டு, பசை வைத்து அடைத்துவிடுவார்களாம்.

“தெளிஞ்ச தண்ணின்னா வெள்ளை, நீலம் ரெண்டும் ஜோரா இருக்கும் சார். நம்ம துறைத் தண்ணி கலங்கல். வெள்ளை போட்டா வெளிச்சம் அடிக்கே போகாது, பாதியிலேயே மங்கிடும். பச்சைதான் உள்ள எறங்கும். பச்சையே எடுத்துக்குங்க” என்றார் கடைக்காரம்மா. பொட்டலம் கட்டும்போது விரலை உயர்த்தி ஒரு எச்சரிக்கையும் சொன்னார். “ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. இத வெளிய வச்சு எரிய விடக்கூடாது. தண்ணிதான் இதுக்கு ஃபேன். காத்துல ரொம்ப நேரம் எரிஞ்சா சூடேறிக் கருகிப் போயிடும்.”

வீட்டில் விளக்கைக் காட்டியபோது மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏங்க, படகுல ஓட்டை போட்டுத்தான் என்னை அதுல ஏத்தணுமா?” என்றாள். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. மாஸ்டர் அதைக் கவனித்து வைத்துக்கொண்டார்.

இனி ஒரு திருப்புளியும் அரை நாள் வேலையும்தான் பாக்கி என்று அவர் நினைத்தார். துறையில் படகை நிறுத்தி வைத்திருப்பவர்கள் எல்லோரும் படகு உரிமையாளர் மன்றத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதும், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பதும் அவருக்கு அப்போது தெரியாது.

மன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் எல்லோரும் கேப்டன்கள். தலைவர் கேப்டன், செயலாளர் கேப்டன், கணக்குப் பார்க்கிறவர் கேப்டன். எல்லோருக்கும் நங்கூரம் தைத்த வெள்ளைத் தொப்பி உண்டு. படகுகளும் உண்டு. அவை கட்டிய கயிற்றில் பாசி பிடித்து, கட்டிய இடத்திலேயே வருடக்கணக்கில் நின்றன. செயலாளர் கேப்டனின் படகு முழுக்க ரோஜாத் தொட்டிகள். தலைவர் கேப்டனின் படகு எஞ்சினுக்குள் ஒரு புறாக் குடும்பம் மூன்றாவது தலைமுறையை வளர்த்துக்கொண்டிருந்தது. மன்றத்தின் கொள்கைப்படி படகு என்பது வைத்திருக்க வேண்டிய பொருள். மாஸ்டர் அடிக்கடி படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய்வருவது அங்கே கொஞ்சம் நாகரிகக் குறைவாகவே பார்க்கப்பட்டது.

அலுவலக அறையில் சுவரில் பழைய கப்பல் சக்கரம் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். மன்றத்தில் யார் எதைக் கேட்பதென்றாலும் அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். அது ஆணி தளர்ந்து சுழன்றுகொண்டே இருந்ததால், கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் அதைப் பிடித்து நிறுத்துவதிலேயே பாதி விஷயத்தை மறந்துவிடுவார்கள். மாஸ்டர் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர், மறக்கவில்லை.

“பச்சையா?” என்றார் செயலாளர், சுருக்கென்று நிமிர்ந்து. “பச்சை வலப்பக்க விளக்குக்குச் சொந்தம் கேப்டன். கடல் சட்டம்.”

“இது தண்ணிக்கு அடியில எரியற விளக்குங்க.”

“தண்ணிக்கு அடியிலயும் வலப்பக்கம் வலப்பக்கம்தானே?”

“அப்ப சிவப்பு?”

“அது இடப்பக்கம்.”

“வெள்ளை?”

“பின்பக்கம்.”

“நீலமாவது...”

“போலீஸ்!” என்றார் செயலாளர், வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு. பிறகு குரலைத் தணித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. மன்றம் எந்த நிறத்துக்கும் எதிரி இல்ல. நிறங்கள்தான் மன்றத்துக்கு ஒத்துழைக்க மாட்டேங்குது.”

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. யதேச்சையாக அவர் கண் தலைவர் அறை ஜன்னலில் தொங்கிய திரைச்சீலையின் மேல் விழுந்தது. நல்ல பச்சை. “அந்தத் திரைச்சீலை நிறம் இருந்தா மன்றத்துக்கு ஆட்சேபனை உண்டுங்களா?” என்று பவ்யமாகக் கேட்டார். செயலாளர் திடுக்கிட்டு எழுந்தே நின்றுவிட்டார். தலைவரே தேர்ந்தெடுத்த திரைச்சீலைக்கு ஆட்சேபனை தெரிவிக்க அந்தக் கட்டடத்தில் ஆள் பிறக்கவில்லை. பச்சை விளக்குக்கு அனுமதி இல்லை, திரைச்சீலை நிற விளக்கைப் பரிசீலிக்கலாம் என்று முடிவாயிற்று.

பரிசீலனை ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. கேப்டன்கள் எல்லோரும் தொப்பியோடு வந்திருந்தார்கள். தொழில்நுட்ப ஆலோசகராக ஒருவர் வந்திருந்தார். அவர் கல்யாண மண்டபங்களுக்கு அலங்கார சீரியல் பல்பு கட்டுகிறவர். விளக்கு என்றாலே அவரைத்தான் கூப்பிடுவது மன்றத்தின் வழக்கம். நீண்ட மேஜையின் நடுவில், வெல்வெட் துணியின் மேல், மாஸ்டரின் விளக்கை வைத்து வயரை மாட்டினார்கள்.

“ஐயா, இத ஒரு வாளித் தண்ணிலயாவது வச்சுத்தான் எரிய விடணும்” என்று மாஸ்டர் பதறினார்.

“மன்ற அறைக்குள்ள தண்ணிய அனுமதிக்கறதில்ல கேப்டன். கம்பளம் கெட்டுடும். போன கம்பளம் அப்படித்தான் கெட்டுது” என்றார் செயலாளர்.

ஆலோசகர் விளக்கைச் சுற்றிவந்து பார்த்தார். “மினுக்க மாட்டேங்குதே” என்றார் வருத்தத்தோடு. “மினுக்காத விளக்கு மண்டபத்துலயே எடுபடாது. தண்ணிக்குள்ள யாரு மதிப்பாங்க?”

அப்போது தலைவர் எழுந்தார். ஆள் பெரிய உருவம். குரல் அதைவிடப் பெரியது. விளக்கு எரிந்துகொண்டிருக்க அவர் பேச ஆரம்பித்தார்.

“கேப்டன்களே! ஒளின்னா என்ன? இருட்டு இல்லாததுதான் ஒளி. இந்த மன்றத்துல நான் தலைவரா வந்ததுலேர்ந்து எந்த இருட்டையும் நான் பார்த்ததில்ல. ஏன்னா, நான் சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போயிடுவேன். கடலுக்குள்ள போய்த்தான் கடலைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு சில பேரு சொல்றாங்க. நான் கேக்கறேன், பேசறதுக்கு எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?”

கைதட்டல் எழுந்தது. தலைவர் ஒளியிலிருந்து கடலுக்கும், கடலிலிருந்து தன் இளமைக்கும், இளமையிலிருந்து மன்றத்துக்குத் தான் வாங்கித்தந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் போனார். மாஸ்டர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வெல்வெட் துணி லேசாகப் புகைந்தது. அவர் கால் தரையை அழுத்து அழுத்து என்று அழுத்தியது. பேச்சுக்கு ஏது பிரேக்? நாற்காலிகளின் உறுதியைப் பற்றித் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தபோது விளக்கு ஒரு முறை மினுக்கியது. ஆலோசகர் முகம் மலர்ந்தது. அதோடு விளக்கு கருகி அணைந்தது.

கூட்டக் குறிப்பில் செயலாளர் இப்படி எழுதினார்: ‘பரிசீலனைக்கு வைக்கப்பட்ட விளக்கு, தலைவர் உரையைத் தாங்கவில்லை.’

மாஸ்டர் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தார். மனைவி அப்போது பெட்டிக்குள் குழந்தைக்கான துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “விடுங்க. நான் ஏறலன்னா உங்க படகு ஓடாதா?” என்றாள். ஓடும். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலையில் இன்னொரு விளக்கு வாங்கிக்கொண்டு மறுபடியும் சக்கரத்தைப் பிடித்தார்.

இந்த முறை விஷயம் மீன்களிடம் போனது. மன்ற விதிப்படி, எந்த வேலையாலும் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்க வேண்டும். நீரடி விளக்கால் பாதிக்கப்படக்கூடியவர்கள் மீன்கள். ஆகவே, ‘ஆட்சேபனை உள்ளவர்கள் அலுவலக நேரத்தில் நேரில் வரவும்’ என்று ஒரு தகரப் பலகை எழுதி, கயிறு கட்டி, எழுத்து மீன்கள் பக்கம் இருக்கும்படி தண்ணீருக்குள் இறக்கினார்கள். முடிச்சுப் போட்டவர் ஒரு கேப்டன் என்பதால் அன்று மாலையே முடிச்சு அவிழ்ந்து பலகை அடிக்குப் போய்விட்டது. “சம்பந்தப்பட்டவங்க கையிலேயே போய்ச் சேர்ந்துடுச்சு, இதவிட என்ன வேணும்?” என்று செயலாளர் திருப்தி அடைந்தார்.

கருத்துக்கேட்பு நாளில் மீன்கள் யாரும் வரவில்லை. அவர்கள் சார்பில், மீன்கடை வைத்திருக்கும் கேப்டன் ஒருவர் ஆஜரானார்.

“மீன்களோட எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம்” என்றார் அவர், நெஞ்சில் கைவைத்து. “என்கிட்ட வந்த எந்த மீனும் இதுவரைக்கும் ஒரு ஆட்சேபனை சொன்னதில்ல. அவ்வளவு ஒத்துமை. விளக்கு வந்தா மீனெல்லாம் வெளிச்சத்துக்குக் கூடும்னு கேள்விப்பட்டேன். கூடட்டுமே! அவங்க ஒத்துமையா ஒரே எடத்துல இருக்கறதப் பார்க்க என்னைவிட ஆசைப்படறவன் யாரு?”

மீன்களின் சம்மதம் பதிவாயிற்று. மாஸ்டர் கும்பிடு போட்டுவிட்டு ஓடினார். படகைக் கரையில் ஏற்றி, துளை போட்டு, பசை வைத்து, விளக்கைத் திருகித் திரும்பத் தண்ணீரில் இறக்கி முடிப்பதற்குள் மனைவி கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் வந்துவிட்டது. ஒரே ஒரு சாயங்காலம் மிச்சம். அதையும் மன்றம் எடுத்துக்கொண்டது. நீரடி விளக்கு என்பது மன்ற வரலாற்றிலேயே முதல் முறையாம், தலைவர்தான் சுவிட்சைப் போட்டுத் தொடங்கிவைப்பாராம்.

பொழுது சாய்கிற நேரத்தில் கேப்டன்கள் வரிசையாக வந்து படகில் ஏறினார்கள். மிதக்கும் படகில் சிலருக்கு அதுதான் முதல் அனுபவம். ஒருவரையொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மனைவி ஹோட்டலிலிருந்து நேராக, சீருடைச் சேலையோடு வந்து துறையின் விளிம்பில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், ‘தண்ணீரில் எதையும் போடாதீர்கள் - நிர்வாகக் குழு’ என்று புதுப் பெயிண்ட் மின்னும் தகரப் பலகை ஒன்று நின்றது.

“இந்தத் துறை எவ்வளவு சுத்தம்!” என்று தொடங்கினார் தலைவர். “மிகச் சுத்தமான படகுத்துறைக்கான கேடயம் வருஷா வருஷம் நமக்குத்தான் கெடைக்குது. குடுக்கறதும் நாமதான், அதனால இதுல ஊழலுக்கே எடமில்ல. அந்தச் சுத்தத்தை இன்னைக்கு இந்த ஒளியில எல்லாரும் கண்குளிரப் பார்க்கப் போறோம்!”

சுவிட்சைத் தட்டினார். படகின் பின்னால் தண்ணீர் மெல்லப் பச்சையாகப் பூத்தது. விளக்கு இந்த முறை தண்ணீருக்குள் இருந்ததால் தலைவர் உரையைத் தாங்கிக்கொண்டது. கேப்டன்கள் கைதட்டிக்கொண்டே பின்பக்கம் எட்டிப்பார்த்தார்கள். கைதட்டல் மெதுவாக நின்றது.

முதலில் தெரிந்தவை கால்கள். நாலு நாலாக, வானத்தைப் பார்த்து நீட்டிய கால்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள்! தலைவர் வாங்கித்தந்தவற்றில் உடைந்தவை எல்லாம் அடியில் மல்லாந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே சுருட்டிய ஒரு கம்பளம். அதன் மேல் மீன்களுக்கான அறிவிப்பு. பக்கத்தில் உறுப்பினர்களின் ஆலோசனைப் பெட்டி, போட்ட பூட்டு போட்டபடி. அதன்மேல் சாய்ந்தாற்போல் இன்னும் ஒரு பழைய பலகை. துறையின் விளிம்பில் நின்ற மாஸ்டரின் மனைவி நன்றாகக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் பார்க்கிற மாதிரியே தலையைச் சாய்த்து, அதை உரக்கப் படித்தாள்.

“தண்ணீரில்... எதையும்... போடாதீர்கள். நிர்வாகக் குழு.”

பிறகு நிமிர்ந்து பக்கத்தில் நின்ற பலகையைப் பார்த்தாள். மறுபடியும் கீழே பார்த்தாள். “அடியில இருக்கறது பழசு போல” என்றாள்.

போச்சு, குப்பையையும் பார்த்துவிட்டாள், இனி ஜென்மத்துக்கும் ஏறமாட்டாள் என்று மாஸ்டர் நினைத்தார். கால் படகின் தரையை ஓங்கி அழுத்தியது. தலைவர் மட்டும் அசரவில்லை. தொண்டையைச் செருமினார்.

“கேப்டன்களே, ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி இந்தத் துறை எவ்வளவு சுத்தமா இருந்துச்சு! இந்த விளக்கு எரிஞ்ச மறு நிமிஷம் எவ்வளவு அசுத்தம் பாருங்க! மன்றத்தோட பல வருஷ உழைப்பை ஒரு விளக்கு ஒரே நொடியில கெடுத்துடுச்சு. துறை எல்லைக்குள்ள நீரடி விளக்கு எரியறதை இந்த நிமிஷத்துலேர்ந்து தடை பண்றேன். ஆதரிக்கறவங்க கை தூக்கலாம்.”

எல்லோரும் கையைத் தூக்கினார்கள். தோளைப் பிடித்திருந்த கைகள் அவை. படகு ஒரு பக்கமாகச் சாய, கேப்டன்கள் அலறியடித்துக்கொண்டு கரைக்குத் தாவினார்கள். இரண்டு தொப்பிகள் தண்ணீரில் விழுந்து, பச்சை வெளிச்சத்தில் நிதானமாக இறங்கிப்போய் நாற்காலிக் கால்களில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டன.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது. மாஸ்டரின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“ஏங்க, சுறாவா இருக்குமா, பாம்பா இருக்குமான்னு இத்தனை நாள் நடுங்கிக்கிட்டிருந்தேனே. பிளாஸ்டிக் நாற்காலிக்கா நான் பயந்தேன்? கையக் குடுங்க.”

அவர் கையைக் கொடுத்தார். அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் வைத்து, ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மாஸ்டருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க அவர் எஞ்சினை முடுக்கினார்.

“கேப்டன், விளக்கை அணைங்க! துறை எல்லைக்குள்ள தடை!” என்று கரையிலிருந்து செயலாளர் கத்தினார்.

“எல்லையத் தாண்டத்தாங்க போறோம்” என்று மாஸ்டர் கயிற்றை அவிழ்த்தார். விளக்கையும் மரியாதையாக அணைத்தார். துறை எல்லையைக் காட்டும் கடைசி மிதவையைத் தாண்டி, எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் விளக்கைத் திரும்பப் போட்டார்.

அங்கே தண்ணீர் ஆழம். விளக்கைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் மட்டும் அசைந்தது. பொடி மீன்கள் சில, யாரையும் கருத்துக் கேட்காமல், வெளிச்சத்துக்கு வந்துபோயின. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

“இங்க அடி தெரியலம்மா” என்றார் மாஸ்டர், உண்மையை மறைக்காமல். “திரும்பிடலாமா?”

அவள் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். “அங்க தெரிஞ்சதுக்கு, இங்க தெரியாதது எவ்வளவோ மேல். ஓட்டுங்க” என்றாள். அன்று திரும்பி வரும்வரை மாஸ்டரின் கால் பிரேக்கைத் தேடவில்லை.

மறுநாள் அவள் கிளம்பிப் போனாள். சில நாள் கழித்து மாஸ்டர் துறையில் படகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. பேத்தி பிறந்திருந்தாள். அழுகிற சத்தத்தைக் கேட்கச் செய்தாள். பிறகு, “என் சக்களத்தி எப்படி இருக்கா?” என்றாள்.

“உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. எப்ப வருவேன்னு.”

“வர்றேன்னு சொல்லுங்க. அந்தப் பக்கத்து சீட்டுல வேற யாரையும் உட்கார விட்டுடாதீங்க.”

மாஸ்டர் சிரித்தார். துறையின் விளிம்பில் செயலாளர் கேப்டன், ‘நீரடி விளக்குகளுக்குத் தடை - நிர்வாகக் குழு’ என்ற புத்தம்புதுப் பலகையை நிறுத்திக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கம்பத்துக்குத்தான் இடம். ஏற்கெனவே நின்ற பலகையைப் பிடுங்கி, எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

தொபுக்கென்று ஒரு சத்தம்.

“என்னங்க அது சத்தம்? யாராவது விழுந்துட்டாங்களா?” என்று போனில் அவள் பதறினாள்.

“ஒண்ணுமில்லம்மா” என்றார் மாஸ்டர். “மன்றத்துல ஒரு பழைய விதிய எடுத்துட்டாங்க.”